மாடிக் கம்பி

அத்தியாயம் ஒன்பது

மொட்டை மாடியில் கம்பியைக் காணோம்.

உப்புக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விடியுமுன்னே உப்பளத்துக்குப் போய்த் திரும்பி வந்து, காலில் ஏறியிருந்த உப்பைக் கழுவி, துவைத்த துணியை வாளியோடு தூக்கிக்கொண்டு மேலே வந்த வைஜெயந்தி முதலில் பார்த்தது தரையில் கிடந்த கொடிக்கயிற்றைத்தான். கயிற்றைக் கட்டிய கம்பி நின்றால்தானே கயிறு நிற்கும். வடக்கு மூலையில் கொத்தாக நின்ற கம்பிகள் இல்லை. அடுத்த மூலையிலும் இல்லை. மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க அவள் கம்பிகளின் தலையில் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் பாட்டில்கள் மட்டும் தளத்தில் உருண்டு கிடந்தன.

வாளியைக் கீழே வைத்தாள். வைத்தாள் என்ன, போட்டாள். துவைத்த துணியெல்லாம் தூசியில் விழுந்தது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அந்தக் கம்பிகள் பழக்கம். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். மாடி கட்டும் எண்ணம் இருக்கிறவர்கள் தளம் போடும்போதே பில்லர் கம்பியை மேலே நீட்டி விட்டுவிடுவார்கள். பிற்பாடு வசதி வரும்போது அந்தக் கம்பியிலிருந்தே பில்லரை எழுப்பிக்கொள்ளலாம். வைஜெயந்தியைப் பெண் கேட்டபோது, மாப்பிள்ளை வீடு பார்ப்பதற்காக அவள் அப்பாவும் அண்ணனும் உறவுக்காரர்களும் இந்த ஊருக்கு வந்தார்கள். மாமனார் அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நேரே மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். நான்கு மூலையிலும் நின்ற கம்பிகளைக் காட்டி, கீழ் வீடு சின்னவனுக்கு, மேல் வீடு பெரியவனுக்கு, உங்கள் பெண் மேலே ராணி மாதிரி இருப்பாள் என்றாராம்.

அந்த ராணி இப்போது ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறாள்.

வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் மாமனாரும் மாமியாரும் இருந்தார்கள். இன்னொன்றை, தம்பி அருண்ராஜின் கல்யாணத்தின்போது வைஜெயந்தியின் கணவன் திருமுருகன் விட்டுக் கொடுத்துவிட்டான். நமக்குத்தான் மாடி வரப்போகிறதே என்று அதற்குக் காரணமும் சொன்னான். மகள் பிரியதர்ஷினி பிளஸ் டூ வந்துவிட்டாள். இன்னமும் பாத்ரூமுக்குள் போய்த்தான் உடை மாற்றுகிறாள். மாமியாரும் மாமனாரும் அடுத்தடுத்துக் காலமான பிறகு அவர்கள் அறையாவது மகளுக்கு வரும் என்று வைஜெயந்தி காத்திருந்தாள். அதில் அருண்ராஜின் ஃப்ரீசர் பெட்டி வந்து உட்கார்ந்ததையும், மாடி கட்டுகிற வரைக்கும் பொறுத்துக்கொள் என்று திருமுருகன் சொன்னதையும், அவள் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்ததையும் போன வாரம் பார்த்தோம்.

கடல் காற்றும் உப்பளத்துக் காற்றும் சேர்ந்து அடிக்கிற ஊரில் இரும்புக்கு ஆயுசு இல்லை. புதுக் கேட் போட்டால் நான்கு மழைக்குள் அது பொத்தலாகிவிடும். தன் கம்பிகளைத் துருவுக்குக் கொடுக்கக் கூடாது என்று வைஜெயந்தி வருஷா வருஷம் அடைமழைக்கு முன்னால் சிமெண்டைத் தண்ணீராகக் கரைத்து, அந்தச் சிமெண்ட் பாலைப் பிரஷ்ஷில் தொட்டுக் கம்பி கம்பியாகப் பூசுவாள். உப்பில் வெடித்த கையில் சிமெண்ட் பட்டால் எப்படி எரியும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். பதினெட்டு வருஷமாக அவள் அதைப் பொறுத்துக்கொண்டாள். சிமெண்டைக் கரைத்து வாளியை மேலே எடுத்துக் கொடுப்பது திருமுருகனின் வேலை.

வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் கட்டிங் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. வரும்போதே அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்திருந்தாள். இப்போது புரிந்தது. படியில் இரண்டிரண்டாக இறங்கினாள்.

தோட்டத்தில் பார்பெக்யூ அடுப்பு தயாராகிக்கொண்டிருந்தது.

கொழுந்தன் அருண்ராஜ் ஆரோவில் பக்கம் ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சனில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, இப்போது அடுப்பில் கோழியைத் திருப்புகிற வரைக்கும் வந்திருப்பவன். தனியாக ஒரு கடை போட வேண்டும் என்பது அவன் ஆசை. கூனிமேட்டைத் தாண்டி ஈ.சி.ஆர். சாலை ஓரமாக இருக்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸின் மேனேஜர், சனி ஞாயிறுகளில் தங்கள் கேட் பக்கத்தில் பார்பெக்யூ போட்டுக்கொள்ள இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். இன்று சாயங்காலம் வீட்டுக்கே வந்து ருசி பார்ப்பார். பிடித்தால் இடம் இவனுக்கு. அடுப்பு மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். ஆன்லைனில் அடுப்பின் விலையைப் பார்த்த அருண்ராஜ் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். நாமே செய்துவிடலாமே என்று யோசனை சொன்னது திருமுருகன். தம்பிக்கு ஒன்று என்றால் திருமுருகனுக்கு யோசனை பொத்துக்கொண்டு வரும்.

ரோடு போடுகிறவர்களிடமிருந்து ஒரு தார் டிரம் வாங்கி வந்தார்கள். அதற்குள் வேலிகாத்தான் விறகைப் போட்டு நேற்று முழுக்க எரித்துத் தாரை உருக்கி வழித்தார்கள். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு போயிற்று. இன்று அந்த டிரம்மை நீளவாக்கில் பிளந்து ஒரு பாதியை மல்லாக்க வைத்து, காற்றுக்கு அடியில் ஓட்டை போட்டிருந்தார்கள். இன்னொரு பாதி மூடி. பழைய கதவின் கீலை அதற்குப் பொருத்தியிருந்தார்கள். மாமனாரின் இரும்புக் கட்டில் கால்கள் அடுப்புக்குக் கால்களாயின. எல்லாம் ஓசியிலேயே முடிந்தது. கோழியைப் படுக்க வைக்கக் கம்பிதான் இல்லை. ஊரில் கிடைத்த பழைய கம்பியெல்லாம் தொட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தது. துருவில்லாத கம்பி இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு மொட்டை மாடியில்தான் நின்றது. அதைத் துருவிடமிருந்து காப்பாற்றியவள் இப்போது அவர்கள் முன்னால் வந்து நின்றாள்.

கம்பிகளை ஒரே அளவாக நறுக்கி டிரம்மின் குறுக்கே அடுக்கியிருந்தார்கள். திருமுருகன் குந்தி உட்கார்ந்து அவற்றைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக்கொண்டிருந்தான். அருண்ராஜின் மனைவி சங்கீதா தண்ணீர்த் தொட்டியோரம் கோழிக்கு மசாலா பூசிக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?" என்றாள் வைஜெயந்தி.

அருண்ராஜ் மெஷினை நிறுத்தினான். திருமுருகன் முறுக்குவதை நிறுத்தாமலே பதில் சொன்னான். இரண்டு மூலையில் மட்டும்தான் எடுத்தார்களாம். மற்ற இரண்டு மூலையும் அப்படியே இருக்கிறதாம். மாடி கட்டும்போது வெல்டிங் வைத்து ஒட்டிக்கொள்ளலாமாம். சும்மா நின்ற கம்பிக்கு எதற்கு இத்தனை சத்தம் என்று வேறு கேட்டான்.

சும்மா நின்ற கம்பி என்ற வார்த்தையில் வைஜெயந்திக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. புருஷனை விட்டுவிட்டுக் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். நடு வீட்டில் அறை எடுத்துக்கொண்டான், மாமனார் அறையையும் எடுத்துக்கொண்டான், கடைசியில் தலைக்கு மேலே இருப்பதையும் திருட வந்துவிட்டான் என்று, தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கும்படி கத்தினாள்.

"எம் மாடிய வெட்டி நீ கோழி சுடறியா?"

அருண்ராஜ் கெட்டவன் இல்லை. ஆனால் திருட்டு என்ற சொல் அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கையிலிருந்த மெஷினைத் தூக்கித் தரையில் போட்டான்.

"ரொம்பப் பேசறீங்க அண்ணி. யாரு வெட்டனது? ரெண்டு ஆட்டு ஆட்டினேன், கையோட வந்துடுச்சி. கீழ பில்லர் இருந்தாத்தானே அது நிக்கும்?"

"டேய், சும்மாரு" என்றான் திருமுருகன்.

"நான் இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? அண்ணிக்குத் தெரியாத மாதிரி பேசற."

கொழுந்தன் சொன்னது அவளுக்கு உடனே ஏறவில்லை. ஆனால் புருஷன் போட்ட அந்த அதட்டலில் பயம் இருந்தது. எதற்கும் பதறாத மனுஷன் எழுந்து நின்றுவிட்டான். அவள் மறுபடியும் மாடி ஏறினாள். பின்னாலேயே அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

தெற்கு மூலைக் கம்பிகள் இன்னமும் நின்றன. இத்தனை வருஷத்தில் அவள் அவற்றைப் பூசியிருக்கிறாள், துடைத்திருக்கிறாள், பாட்டில் மாட்டியிருக்கிறாள். ஒரு தடவைகூட ஆட்டிப் பார்த்ததில்லை. பில்லர் கம்பியை யார் ஆட்டிப் பார்ப்பார்கள்? இரண்டு கையாலும் ஒன்றைப் பிடித்து ஆட்டினாள். அசைந்தது. இன்னும் ஒரு தடவை ஆட்டி மேலே இழுத்தாள். அடியில் ஒட்டியிருந்த சிமெண்ட் கட்டியோடு கம்பி கையில் வந்துவிட்டது. தளத்துக்குள் போயிருந்தது நாலு விரல் ஆழம்தான். அதற்குக் கீழே எதுவும் இல்லை. அடுத்ததைப் பிடுங்கினாள். அதுவும் அப்படியே வந்தது. திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவன்கூட இதைவிட ஆழமாகக் கால் நடுவான்.

எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள். உள்ளங்கை கிழிந்தது. ஒரு கம்பியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

"இது இன்னா?" என்று புருஷனிடம் நீட்டினாள்.

திருமுருகனால் இனி மழுப்ப முடியவில்லை. சொல்லிவிட்டான். இது வெறும் சுவர் மேல் நிற்கிற வீடு. பில்லர் கிடையாது. அடியில் போட்ட கடைக்கால் ஒரு மாடியைத் தாங்காது. வைஜெயந்தி வீட்டார் வருவதற்கு முன்பே பார்க்க வந்த ஒரு பெண் வீட்டார், இரண்டு பிள்ளைகளுக்கு இந்த ஒரு வீடு எப்படிப் போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த அவமானம் அப்பாவுக்கு ஆறவில்லை. அடுத்தவர்கள் வருவதற்கு முந்தின நாள் பழைய இரும்புக் கடையில் துண்டுக் கம்பிகளை வாங்கி வந்தார். தளத்தில் உளியால் குழி வெட்டி, கம்பியை நட்டு, சிமெண்ட் போட்டு அடைத்தார். கம்பி சாயாமல் நேராகப் பிடித்துக்கொண்டது திருமுருகன்.

"அப்பா புடிடான்னாரு. புடிச்சேன்" என்றான்.

"சரி, அப்ப சொல்லல. கல்யாணம் ஆனதுக்கு அப்பாலயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள நீ சிமெண்ட் பால் அடிக்க ஆரம்பிச்சிட்ட. சந்தோஷமா அடிச்சிக்கினு இருந்த. எப்படிச் சொல்றது?"

வேறு எந்தப் பதிலைச் சொல்லியிருந்தாலும் அவள் அழுதிருப்பாள். இந்தப் பதிலுக்கு அழுகை வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்க, வாங்க என்று பேசியவள் அவள். அந்த மரியாதை அங்கேயே முடிந்தது.

"நீதானே கரச்சிக் குடுத்த? வருஷா வருஷம் வாளியத் தூக்கிக் குடுத்தியே, ஒரு வருஷமாச்சும் ஒனக்குக் கை கூசலயா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சங்கீதா பக்கம் திரும்பி, உனக்கும் தெரியுமா என்று கேட்டாள். சங்கீதா மசாலாக் கையோடு விழித்தாள். கல்யாணமாகி வந்த புதிதிலேயே அருண்ராஜ் சொல்லியிருக்கிறான். அக்காவுக்குத் தெரிந்துதான் ஊர் பார்வைக்காகப் பூசுகிறாள் என்று அவளும் நினைத்திருக்கிறாள். கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை. ஆக, கல் உப்பில் வெடித்த கையோடு வெயிலில் நின்று ஒருத்தி ஒன்றுமில்லாத கம்பிக்குச் சிமெண்ட் பூசுவதை, கீழே இருந்தபடி வீடே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

வைஜெயந்தி கையிலிருந்த கம்பியால் அடுப்பை அடித்து நொறுக்கப்போகிறாள் என்று அருண்ராஜ் பயந்தான். குறுக்கே வந்து நின்றான். அவள் அடுப்பைத் தொடவில்லை.

"அடுப்ப நீ வெச்சிக்க. கம்பியயும் நீயே வெச்சிக்க. ரூமு என்னுது."

சொன்னவள் உள்ளே போனாள். பிரியதர்ஷினி ஹாலின் மூலையில் புத்தகத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது அவள் முகத்தில் தெரிந்தது. உனக்கும் தெரியுமாடி என்று அம்மா கேட்டதும் இல்லையென்று தலையாட்டி அழுதுவிட்டாள். அந்த ஒரு தலையாட்டல் வைஜெயந்திக்குப் போதுமானதாக இருந்தது. கண்ணைத் துடை, இந்தப் பக்கம் பிடி என்றாள்.

ஃப்ரீசரின் அடியில் கோணியைச் சொருகி, அம்மாவும் பெண்ணுமாகத் தள்ளினார்கள். அறையிலிருந்து நடு ஹாலுக்கு அது முனகிக்கொண்டே நகர்ந்து வந்தது. சங்கீதா ஓடி வந்து மறித்தாள். உள்ளே கோழி இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கினால் கெட்டுப் போகும், சாயங்காலம் ஆள் வருகிறார், எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடாதீர்கள் என்று அவளும் குரலை உயர்த்தினாள். பிளக் ஹாலிலும் இருக்கிறது என்றாள் வைஜெயந்தி. தம்பி முன்னுக்கு வருகிற நேரத்தில் இப்படிச் செய்யலாமா என்று திருமுருகன் வாசலில் நின்று கெஞ்சினான். மாமனாரின் மூட்டை முடிச்சையெல்லாம் அள்ளி ஹாலில் போட்டாள். மகளின் துணிப்பெட்டி, புத்தகம், தன் புடவைகள், இரண்டு பாய், எல்லாவற்றையும் அறைக்குள் கொண்டுவந்து வைத்தாள். திருமுருகனின் சட்டைகள் ஹால் ஆணியிலேயே தொங்கின. கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வரச் சொல்லி மகளை அனுப்பினாள்.

பிறகு போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். அண்ணன் புருஷோத்தமன் வானூரில் கொத்தனார். அப்பா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான்.

"உடனே வா அண்ணா. இவங்க நம்மள ஏமாத்திட்டாங்க. நீ வந்து கேளு."

போனை வைத்த பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. தன் பங்குக் கோபத்தை அவள் பட்டுவிட்டாள். ஆனால் அது அவளுக்குப் போதவில்லை. தன் பக்கத்திலிருந்து இன்னொரு ஆள் கோபப்பட வேண்டும். அண்ணன் வந்து இந்த மனுஷன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும். உன் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இப்படிச் செய்வாயா என்று கேட்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று இருந்தது.

தோட்டத்தில் முதல் தீ மூட்டினார்கள். மேனேஜர் வருவதற்குள் ஒரு தடவை சுட்டுப் பார்க்க வேண்டாமா? கரி நன்றாகக் கனிந்து, கம்பி மேல் கோழியை அடுக்கி, அருண்ராஜ் விசிறி எடுத்த நேரத்தில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு வரிசையாகப் பட் பட்டென்று வெடித்தது. கம்பிகளின் மேல் வருஷக்கணக்கில் ஏறியிருந்த சிமெண்ட் பூச்சு சூட்டில் பெயர்ந்து தெறித்தது. ஒரு சில்லு திருமுருகனின் கன்னத்தைச் சுட்டது. மிச்சமெல்லாம் கோழி மேல் சாம்பல் நிறத்தில் உதிர்ந்தது. ஒரு துண்டை வாயில் வைத்த அருண்ராஜ் நறநறவென்று கடித்துத் துப்பினான்.

அறைக்குள் பாய் விரித்துக்கொண்டிருந்த வைஜெயந்திக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான், அதுவும் நல்ல சிரிப்பு இல்லை.

அருண்ராஜ் ஜன்னலருகே வந்து நின்றான். திருட்டு என்று கேட்ட கோபம் அவனுக்குத் தணிந்திருந்தது.

"சத்தியமா ஒங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன் அண்ணி. இத எப்படி எடுக்கறது?"

"சொரண்டு" என்றாள். "நான் பூசினேன் இல்ல, நீ சொரண்டு."

அண்ணனும் தம்பியும் அரத்தை வைத்து உட்கார்ந்து சுரண்டினார்கள். பூச்சுக்கு அடியிலிருந்து கம்பி புதுக் கம்பி மாதிரியே பளபளப்பாக வெளியே வந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை. அதைப் பார்த்துத் திருமுருகனின் கை கொஞ்ச நேரம் ஓடவில்லை.

வெயில் தணிகிற நேரத்தில் புருஷோத்தமன் எக்ஸெல் வண்டியில் வந்து சேர்ந்தான். வைஜெயந்தி அவனை உட்காரக்கூட விடவில்லை. ஹாலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாமனார் குழி வெட்டியதை, புருஷன் பிடித்துக்கொண்டதை, இத்தனை வருஷம் மூடி மறைத்ததை, தான் பைத்தியக்காரி மாதிரிச் சிமெண்ட் பூசியதைச் சொல்லி முடித்து, பிடுங்கிய கம்பியை அவன் கையில் கொடுத்தாள்.

புருஷோத்தமன் கம்பியை வாங்கினான். இப்படியும் அப்படியும் திருப்பினான். பிறகு சுவரோரமாகச் சாத்தி வைத்தான்.

"சரி விடும்மா. ரூமுதான் கெடச்சிடுச்சில்ல" என்றான்.

தான் சரியாகச் சொல்லவில்லையோ என்று வைஜெயந்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாடியே கிடையாது, எல்லாம் பொய் என்று மறுபடியும் ஆரம்பித்தாள். அவன் முகம் மாறவில்லை. உனக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டாள். அதற்கும் அவன் தரையைத்தான் பார்த்தான்.

அப்போது தோட்டத்துக் கதவருகே திருமுருகன் வந்து நின்றான். கையெல்லாம் கரியும் சிமெண்டுமாக இருந்தது. காலையிலிருந்து குனிந்திருந்த தலையை அப்போதுதான் நிமிர்த்தினான்.

"மச்சான், நீயே சொல்லிடு. நான் ஒருத்தனே எத்தினி நாளைக்கிச் சொமக்கறது?"

வைஜெயந்தி புருஷனைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்ட விதத்தில் இன்னும் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு வீடு பாக்க வந்த அன்னிக்கே தெரியும்மா" என்றான் புருஷோத்தமன். "கொத்தனாரு கண்ணுக்கு இது தெரியாதா? எல்லாரும் கீழ எறங்கினதும் ஆட்டிப் பாத்தேன். மாப்ள அத பாத்துட்டாரு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அடித்திருப்பாள். அண்ணன் சொல்கிறான். உலுக்க வருவான் என்று அவள் மத்தியானம் முழுக்கக் காத்திருந்த அண்ணன்.

"தெரிஞ்சும் சொல்லல நீ."

"அப்பாகிட்ட சொன்னேன். திரும்பி வர்ற வழியிலயே சொன்னேன்."

"அப்பா இன்னா சொன்னாரு?"

புருஷோத்தமன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். வியர்வை இருந்ததாகத் தெரியவில்லை.

"நாம மட்டும் எல்லாத்தயும் சொல்லிட்டா பொண்ணு குடுக்கறோம், பேசாம வாடான்னாரு."

வைஜெயந்திக்கு முதலில் அது யாரைப் பற்றிய பேச்சு என்றே விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. பிறந்த வீட்டில் பெண் என்றால் அவள் ஒருத்திதான்.

"என்னப் பத்தி இன்னா மறைச்சீங்க?"

அண்ணன் திருமுருகனைப் பார்த்தான். சற்று முன்பு சொல்லிவிடு என்ற அதே மனுஷன் இப்போது இரண்டு கையையும் ஆட்டி, அது வேண்டாம் மச்சான், கொழந்த நிக்குது என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அறை வாசலில் பிரியதர்ஷினி புதுப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். புருஷனுக்கும் தெரிந்திருக்கிறது. அவளைப் பற்றிய ஒன்று, அவளுக்குத் தெரியாமல், இந்த ஹாலில் நிற்கிற இரண்டு ஆண்களுக்கும் தெரிந்திருக்கிறது.

புருஷோத்தமன், இன்னொரு நாள் வருகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வாசலில் இறங்கினான். வண்டியில் அவன் கை படுவதற்குள் வைஜெயந்தி முந்திக்கொண்டாள். சாவியை உருவினாள். தெருக் கேட்டை இழுத்துச் சாத்திக் கொண்டியைப் போட்டு அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே கார் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. தோட்டத்திலிருந்து அருண்ராஜ் புதுச் சட்டையும் மசாலாக் கையுமாக ஓடி வந்தான். பின்னால் சங்கீதாவும் வந்தாள். மேனேஜர் வந்துவிட்டார், கேட்டை விடுங்கள் அண்ணி, தயவு செய்து விடுங்கள் என்று அவன் கும்பிட்டான். ஹாரன் மறுபடியும் அடித்தது.

வைஜெயந்தி நகரவில்லை. அவள் கண் அண்ணன் மேலேயே இருந்தது.

"இவன் சொல்லட்டும்" என்றாள். "அப்பால தொறக்கறேன்."